உங்களுக்குத் தெரியுமா? கம்பெனி கைமாறினால் நம் விவரமும் கைமாறும்!

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்தால், வாங்குகிறவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். போர்வெல் யார் பெயரில், பாதை யாருக்குப் பொது என்று டீக்கடையில் நாலு பேரிடம் விசாரிப்பார். கிரயம் முடிந்த பிறகும் பட்டா மாறுதலுக்கு நடையாய் நடப்பார். ஒரு நாட்டுக் கம்பெனியை இன்னொரு நாட்டுக் கம்பெனி வாங்கும்போது, அதற்குள் கிடக்கும் நம் பெயர், பான் எண், கையெழுத்து, நகைக்கடன் கணக்கு எல்லாம் சேர்ந்தே போகின்றன. அதற்கு வில்லங்கம் பார்த்தது யார்? தாய்ப்பத்திரம் எங்கே? தேடிப் போனதில் கிடைத்த துணுக்குகள் இவை.

★ கரூரில் 1926-ல் வி.எஸ்.என். இராமலிங்கச் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. 94 வருஷம் கழித்து, 2020 நவம்பர் 17-ந் தேதி மாலை, ‘கணக்குக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது’ என்று தடை வந்தது. அன்றைக்கே இணைப்புத் திட்டத்தின் வரைவை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் 20-ந் தேதி மாலை 5 மணிக்குள் சொல்ல வேண்டும். 25-ந் தேதி மத்திய அமைச்சரவை தலையசைத்தது. 27-ந் தேதி, சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்துக்குச் சொந்தமான டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு அது கலந்துவிட்டது. மொத்தம் பத்து நாள். 563 கிளைகள், சுமார் 20 லட்சம் டெபாசிட்தாரர்கள். டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் போட்டது; டெபாசிட் பணம் தப்பியது; பழைய பங்குதாரர்களுக்குப் பைசா இல்லை. பத்திரிகைகள் இவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதின. 20 லட்சம் பேரின் விவரங்களும் அந்த நவம்பரில்தான் கைமாறின என்பது எங்கோ ஓரத்தில் போய்விட்டது. அன்றைக்கு அதைக் கேட்கும் மனநிலையிலும் யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணம் கைக்கு வந்தால் போதும் என்றுதான் எல்லோரும் ஏ.டி.எம். வாசலில் நின்றார்கள்.

★ அந்த 20 லட்சம் பேரில் ஒருவரிடமாவது ‘உங்கள் விவரத்தை மாற்றிக் கொடுக்கலாமா’ என்று கேட்க வேண்டிய கட்டாயம் இருந்ததா? இல்லை. 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி அரசு அனுமதித்த திட்டம், டெபாசிட்தாரர், கடன்காரர் என்று எல்லோரையும் கட்டும். தனிநபர் விவரத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் அப்போது கிடையாது. ஆறுதலான சங்கதி ஒன்று உண்டு. டிபிஎஸ் 2019 மார்ச் முதல் இந்தியாவில் தனிக் கம்பெனியாகப் பதிவாகி நடக்கிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், பீரோ இந்தியாவில் இருக்கிறது.

★ அந்த பீரோ இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் உத்தரவு இருக்கிறது. பணப் பரிமாற்ற விவரம் முழுவதும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018 ஏப்ரல் 6-ந் தேதி ரிசர்வ் வங்கி சொன்னது. ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. அதற்கு இணங்கவில்லை என்று மாஸ்டர்கார்டு நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2021 ஜூலையில் தடை விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் தடை நீங்கியது. உலகத்துக்கே கார்டு கொடுக்கிற கம்பெனியாக இருந்தாலும் ஊர்க்கட்டுப்பாடு ஊர்க்கட்டுப்பாடுதான்.

★ லட்சுமி விலாஸ் இணைப்பு நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் பழைய ஐஎப்எஸ்சி குறியீடு வேலை செய்தது. ‘எல்ஏவிபி’ என்று தொடங்கும் அந்த எண்களுக்கு 2022 பிப்ரவரி 28-தான் கடைசி நாள். அதன் பிறகு ‘டிபிஎஸ்எஸ்’ என்று தொடங்கும் எண்தான். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாதாமாதம் வீட்டுக்குப் பணம் போடும் பிள்ளைகள், போன வருஷம் சேமித்து வைத்த எண்ணையே அழுத்தினால் பணம் போய்ச் சேராது என்ற நிலைமை. வங்கிகள் இணையும்போது வாடிக்கையாளருக்கு முதலில் உறைப்பது இந்த மாதிரிச் சில்லறை விஷயம்தான்.

★ சரி, இன்றைக்கு அதேபோல் ஓர் இணைப்பு நடந்தால்? 2023 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். நீதிமன்றமோ தீர்ப்பாயமோ அதிகாரம் பெற்ற வேறு அமைப்போ அனுமதித்த இணைப்பு, பிரிப்பு, நிறுவன மாற்றம் ஆகியவற்றுக்குத் தேவையான அளவுக்கு விவரத்தைக் கையாளலாம். அதற்கு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டாம் என்கிறது அது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான கட்டுப்பாடும் அந்த வேலைக்குப் பொருந்தாது. என்னடா இது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டு கடமைகளை மட்டும் சட்டம் விட்டுக்கொடுக்கவில்லை. விவரத்துக்குப் பொறுப்பு கம்பெனியுடையது. அது திருடு போகாமல் காக்க நியாயமான ஏற்பாடு செய்தாக வேண்டும். இந்த இரண்டாவதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

★ அந்தச் சலுகை எல்லாக் கைமாற்றத்துக்கும் கிடையாது என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஊரில் ஒரு துணிக்கடையை இன்னொருவர் பேசி முடித்து வாங்குகிறார். தீபாவளித் தள்ளுபடிக்காகச் சேர்த்து வைத்த வாடிக்கையாளர் செல்போன் எண்களையும் சேர்த்து விலை பேசுகிறார். எந்தத் தீர்ப்பாயமும் அனுமதிக்காத வியாபாரம் இது. 17-வது பிரிவு கைகொடுக்காது. எண்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறவரை சட்டம் எட்டிப் பார்க்காது. கம்ப்யூட்டரில் ஏற்றிய நிமிஷம் எட்டிப் பார்க்கும்.

★ சிங்கப்பூர்ச் சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடக் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது. கம்பெனி கைமாறும் பேச்சு நடக்கும்போது, தேவையான அளவு விவரத்தை வாங்குகிறவருக்குக் காட்டலாம். சம்மதம் கேட்க வேண்டாம். பேச்சு முறிந்துபோனால் வாங்கிய விவரத்தை அழிக்க வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும். வியாபாரம் முடிந்துவிட்டால், ‘உங்கள் விவரம் இன்னாரிடம் போயிருக்கிறது’ என்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் கூடாவிட்டால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லையா, அது போலத்தான். இந்த வரி நம் சட்டத்திலும் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

★ சின்னத் தகவல்: கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை, 2022-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. இந்தியாவுக்கு ஒரு வருஷம் முந்தி.

★ டேட்டாவுக்கு வில்லங்கம் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும்? மாரியட் ஓட்டல் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். 2016-ல் அது ஸ்டார்வுட் என்ற இன்னொரு பெரிய ஓட்டல் குழுமத்தை வாங்கியது. ஸ்டார்வுட்டின் முன்பதிவுக் கம்ப்யூட்டருக்குள் 2014-லேயே திருடன் புகுந்து குடியிருந்தான். வீட்டை வாங்கியவர் பரணில் ஆள் இருப்பதைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2018 செப்டம்பரில்தான் சத்தம் கேட்டது. உலகம் முழுக்கச் சுமார் 33.9 கோடி விருந்தினர் பதிவுகள்; அதில் 50 லட்சத்துக்கும் அதிகமான பாஸ்போர்ட் எண்கள் பூட்டுப் போடாமல் அப்படியே கிடந்தன. பிரிட்டனின் தகவல் ஆணையர் முதலில் 9.92 கோடி பவுண்ட் அபராதம் என்று நோட்டீஸ் கொடுத்தார். 2020-ல் அது 1.84 கோடி பவுண்டாக முடிந்தது. திருட்டு தொடங்கியது பழைய முதலாளி காலத்தில். தண்டம் கட்டியது புது முதலாளி.

★ யாஹூ விஷயத்தில் வில்லங்கம் கிரயத்துக்கு முன்பே வெளியே வந்தது. வாங்க வந்த வெரைசன் 35 கோடி டாலரைக் குறைத்துக் கொண்டது. முன்பணம் கொடுத்த பிறகு தோப்பில் நாலு மரம் காய்க்கவில்லை என்று தெரிந்தால் நம்மூரில் என்ன பேச்சு நடக்குமோ, அதே பேச்சுதான். ஆனால் 2017-ல் கிரயம் முடிந்து சில மாதங்களில் முழுக் கணக்கு வந்தது: 2013-ல் திருடு போனது யாஹூவின் அத்தனை கணக்குகளும், 300 கோடி!

★ டாய்ஸ்மார்ட் என்று அமெரிக்காவில் ஒரு பொம்மைக் கம்பெனி. ‘உங்கள் விவரத்தை யாருக்கும் கொடுக்கமாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்திருந்தது. 2000-ல் திவாலானதும் வாடிக்கையாளர் பட்டியலையே விற்பனைக்கு வைத்தது. குழந்தைகளின் பெயர், பிறந்த நாள்கூட அதில் இருந்தன. அரசு வழக்குப் போட்டது. கடைசியில் டிஸ்னியின் துணை நிறுவனம் ஒன்று 50,000 டாலர் கொடுத்து அந்தப் பட்டியலை அழிக்கச் செய்தது. ஒரு பட்டியலை எரிப்பதற்குக் காசு கொடுத்த கதை இது.

★ நாம் விவரம் கொடுப்பது குத்தகைக்கு. கம்பெனிகள் எடுத்துக்கொள்வதோ கிரயத்துக்கு. வாட்ஸ்அப் கதை இதற்கு நல்ல சாட்சி. 2014-ல் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலர் பேசி வாங்கியபோது, இரண்டு பக்கத்துக் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்ப்பது நம்பகமாக முடியாத காரியம் என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. 2016-ல் அதே பொருத்தத்தைச் செய்யப்போவதாக அறிவித்தது. தவறான தகவல் தந்ததற்காக 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம். இங்கே, 2021-ல் வந்த ‘ஒத்துக்கொள், இல்லாவிட்டால் போ’ என்ற கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நம் குலதெய்வக் கோயில் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் நீளும் விவகாரம் இது.

★ கம்ப்யூட்டருக்குத் தமிழன் பெயர் என்றாலே தலைவலி. முத்துவின் மகன் வேலு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டையில் அவர் மு. வேலு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா பெயரை எழுதியதால் வெளிநாட்டு ஆபீஸில் ‘மிஸ்டர் முத்து’ ஆகிவிட்டார். அதாவது தன் அப்பாவாகவே ஆகிவிட்டார். சிங்கப்பூரில் பிறந்திருந்தால் வேலு எஸ்/ஓ முத்து. மலேசியாவில் வேலு ஏ/எல் முத்து; ‘அனாக் லெலாக்கி’, மலாய் மொழியில் மகன். மகளாக இருந்தால் ஏ/பி. போதாக்குறைக்கு, நம் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதிதான். ஒரே வகுப்பில் பாதிப்பேருக்கு ஜூன் மாதம்! இரண்டு நாட்டுக் கம்பெனிகள் வாடிக்கையாளர் பட்டியலை ஒன்றாக்கும்போது, பெயர், தேதி, போன் எண் இவற்றை வைத்துத்தான் சாப்ட்வேர் ஆளை அடையாளம் காண்கிறது. ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணினால் கடிதம் இரண்டு வரும், அவ்வளவுதான். இரண்டு ஆளை ஒரே ஆளாக எண்ணிவிட்டால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கண்ணில் படும். என் சித்தப்பாவுக்கு அப்படி நடந்தது. ஒரு வங்கி இணைப்புக்குப் பிறகு (பெயர் எதற்கு?) யாரோ ஒருவருடைய இருப்புத் தொகை அவர் போனுக்கு மூன்று மாதம் வந்துகொண்டிருந்தது. அந்தப் புண்ணியவான் நல்ல வசதிக்காரர் என்பதுவரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

★ எவ்வளவு நாள் பிடிக்கும் இந்தக் கலப்புக்கு? அமெரிக்க சிட்டி வங்கியின் இந்தியக் கார்டு, சேமிப்புக் கணக்கு வியாபாரத்தை ஆக்சிஸ் வங்கி வாங்குவதாக ஒப்பந்தம் போட்டது 2022 மார்ச். கைக்கு வந்தது 2023 மார்ச் 1. வாடிக்கையாளர் எல்லோரையும் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடித்தது 2024 ஜூலை 15. முதல் போக நாற்றங்கால் தொடங்கி அடுத்த வருஷத்துத் தாளடி அறுவடையையும் தாண்டிய காலம்.

★ தஞ்சாவூருக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. 1901-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் தஞ்சாவூர், 1990-ல் இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1904-ல் பிறந்த கும்பகோணம் வங்கி, 1965-ல் சிட்டி பார்வர்டு வங்கியையும் யூனியன் வங்கியையும் சேர்த்துக்கொண்டு ‘கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி’ ஆனது. 1987-ல் பெயரிலிருந்து கும்பகோணம் மட்டும் கழன்றது. தலைமையகம் அங்கேயேதான். இணைப்பின் தழும்பைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் வங்கி வேறு எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை.

★ பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் பிறந்தவர் முன்னாள் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன். அவர் நிதியமைச்சராக இருந்த 1980 ஏப்ரலில் ஆறு தனியார் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. நியூ பேங்க் ஆஃப் இந்தியா 1993-ல் பஞ்சாப் நேஷனலில் கரைந்தது. விஜயா வங்கி 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவில். ஆந்திரா, கார்ப்பரேஷன் இரண்டும் 2020-ல் யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவில்; ஓரியண்டல் அதே நாளில் பஞ்சாப் நேஷனலில். ஆறில் இன்று சொந்தப் பெயரோடு மிச்சம் இருப்பது பஞ்சாப் அண்டு சிந்து வங்கி ஒன்றுதான்.

★ இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ந் தேதி ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். பிறக்கும்போதே கடல் கடந்த வங்கி.

★ நகைக்கடன் வாங்கப் போனால் ‘சிபில் பார்க்கணும்’ என்கிறார்களே, அந்த சிபில் 2000-ல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் பங்குகளில் 92.1 சதவீதம் சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஸ்யூனியன் கையில். நாம் தவணை தவறிய கதை அமெரிக்கக் கம்பெனியின் துணை நிறுவனத்தில் பத்திரமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இணைப்பில் காணாமல்போன வங்கியின் பெயரில் பழைய கடன் இன்னும் திறந்தே கிடக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

★ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தஞ்சாவூரையே விழுங்கியதும் நடந்திருக்கிறது. இரண்டாம் சிவாஜி மன்னர் 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தோடு அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்து அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், ‘இது அரசின் செயல், நீதிமன்றம் கேட்க முடியாது’ என்று தள்ளிவிட்டது. மராட்டியர் காலத்து அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. பிரதமருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மராத்தியின் வேக எழுத்து அது. சரஸ்வதி மகாலிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அந்தக் கட்டுகள் இருக்கின்றன. சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். பழைய கம்பெனியின் பைலைப் புதுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் திறக்க மறுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோடிக் கட்டுகள்தான் ஞாபகம் வரும்.

★ எச்சிலைக் கூட விற்கலாம்! எச்சில் மாதிரியை வாங்கி மரபணு சோதித்துக் கொடுத்த அமெரிக்காவின் 23அண்ட்மீ, 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. கோடிக்கும் அதிகமானவர்களின் மரபணு விவரம் ஏலச் சொத்தாகிவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே உருவாக்கிய ஒரு லாப நோக்கமற்ற நிறுவனம் 30.5 கோடி டாலருக்கு மீட்டது.

★ நம் புதுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆங்கில மூலத்தில் தனிநபரைக் குறிக்குமிடத்தில் எல்லாம் ‘அவள்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆணும் அதற்குள் அடக்கம். இரண்டு, ஒப்புதல் கேட்கும் நோட்டீஸைத் தமிழில் கேட்டு வாங்கலாம். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இந்த உரிமை உண்டு. அந்தக் கடமை நடைமுறைக்கு வந்த பிறகு, கவுண்ட்டரில் எட்டுப் பக்க ஆங்கிலத்தை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்து போடுங்கண்ணே’ என்றால், ‘தமிழ்ல குடுங்க தம்பி’ என்று சொல்ல வேண்டியதுதான்.

★ கடைசியாக ஒன்று. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட், ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பணம் செத்துப்போகாது, வங்கி மூலம் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. முதலில் சேர்ந்த ஏழு வங்கிகளில் டிபிஎஸ்ஸும் ஒன்று. தேடும்போது பெயரை எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள்: இன்ஷியல் முன்னால், பின்னால், இல்லாமல். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து பேங்க் ஆஃப் தஞ்சாவூர் பாஸ்புக் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு இந்தியன் வங்கிக்குப் போங்கள்.